ஒரு முழம் மில்லிசெகண்ட்

என் மனைவியின் தம்பி இசையமைப்பாளன். வாசல் கதவில் பித்தளைப் பலகையே இருக்கிறது. அந்த வீட்டிலிருந்து நான் இதுவரை கேட்ட ஒரே இசை காலிங் பெல். அதுவும் கடையில் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று அவன் சம்சாரம் சொல்கிறாள்.

மூன்று ஆடிக்கு முன்னால் எங்கள் தெரு முத்துமாரியம்மன் மேல் ஒரு பாட்டு எழுதினேன். பல்லவி, அனுபல்லவி, மூன்று சரணம். ஆடி வெள்ளிக்கு ஸ்பீக்கரில் போடலாம் என்று கோயில் கமிட்டியிலும் வாய்விட்டுவிட்டேன். மைத்துனன் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வாங்கினான். “பிரமாதம் மாமா. இந்த வாரமே முடிச்சுடலாம். சிஸ்டத்தை மட்டும் கொஞ்சம் ஆப்டிமைஸ் பண்ணிட்டு உக்காந்துடறேன்.”

அந்தக் கொஞ்சத்தில்தான் இன்னும் இருக்கிறான். கமிட்டித் தலைவர் இப்போதெல்லாம் என்னிடம் பாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. குங்குமத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

இவனை மட்டும் சொல்லிப் பயனில்லை, இது ஓர் இனம். வடபழனியிலிருந்து போரூர் போகும் ஆற்காடு ரோட்டின் இரண்டு பக்கமும் மொட்டை மாடிகளில் ஒற்றை அறை எடுத்து வாழ்கிறது. அடையாளம் சுலபம். சுவர் முழுக்க முட்டை அட்டை. (அது சத்தத்தை வெளியே போகாமல் அடக்காது. உள்ளே மேல்ஸ்தாயியைக் கொஞ்சம் மங்கவைக்கும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் விவரமாகச் சொல்வார்.) மேஜையில் இரண்டு மானிட்டர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு கீபோர்டு, கீபோர்டின் மேல் காயப்போட்ட துண்டு. ஹெட்போன் கழுத்தில் இருக்கும். காதில் இருந்து நான் பார்த்ததில்லை. நீங்கள் காவிரியில் தண்ணீர் வந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் ஐந்தாவது நிமிஷம் பேச்சு லேட்டன்ஸியில் வந்து நிற்கும்.

லேட்டன்ஸி என்பது கட்டுக்கதை இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கீபோர்டில் விரல் பட்டதற்கும் ஸ்பீக்கரில் சத்தம் வருவதற்கும் நடுவே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும் அவகாசம் அது. கால் நொடி ஆனாலும் வாசிக்க முடியாது, கிணற்றுக்குள் பேசிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி ஆகிவிடும். ஏன் இந்த அவகாசம்? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இலையில் உட்கார்ந்திருப்பவர் ஸ்பீக்கர். அவர் இலையில் நொடிக்கு 44,100 துளி சாம்பார் விடாமல் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் தவறினாலும் ‘டிக்’ என்று சத்தம் போட்டு மானத்தை வாங்கிவிடுவார். பரிமாறுகிறவர் பிராசஸர். அவர் கையிலிருக்கும் பாத்திரத்துக்குப் பஃபர் என்று பெயர். 1,024 துளி பிடிக்கும் வாளியாக எடுத்தால் ஆற அமர நடக்கலாம். ஆனால் வாளி ரொம்பும்வரை இலைக்காரர் 23 மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். 64 துளி பிடிக்கும் கிண்ணமாக எடுத்தால் ஒன்றரை மில்லிசெகண்டில் சாம்பார் வந்துவிடும். ஆனால் சமையல்கட்டுக்கும் பந்திக்கும் நொடிக்கு 689 நடை.

வினை அந்த நடையில்தான். நடுவழியில் ஒரு சித்தப்பா கையைப் பிடித்து, “தம்பி, கை கழுவற இடம் எங்கப்பா?” என்று கேட்டால் போதும். பதில் சொல்லிவிட்டுத்தான் நகர முடியும், பெரியவர் இல்லையா? அதற்குள் இலை காய்ந்துவிடும். டிக்.

கம்ப்யூட்டருக்குள் இப்படிப்பட்ட சித்தப்பாக்கள் நிறையப் பேர். வைஃபை டிரைவர் ஒருத்தர், கிராஃபிக்ஸ் டிரைவர் ஒருத்தர். லேப்டாப்பாக இருந்தால் ‘பேட்டரி எவ்வளவு இருக்கு’ என்று அடிக்கடி விசாரிக்கும் பெரியப்பா ஒருத்தர். இவர்கள் கண்ணில் படாமல் சமையல்கட்டிலிருந்து பந்திக்கு நேராக ஒரு கதவு வைத்ததுதான் ஆஸியோ. 1997-ல் ஹாம்பர்க்கின் ஸ்டைன்பர்க் கம்பெனிக்காரர்கள் வைத்தது. நேர்க்கதவு இருந்தாலும் சித்தப்பா சித்தப்பாதான், அங்கேயும் வந்து நிற்பார். எந்தச் சித்தப்பா எத்தனை நேரம் பிடித்துவைத்தார் என்று கணக்கெடுக்க லேட்டன்ஸிமான் என்று ஒரு மென்பொருள் உண்டு. மைத்துனன் வீட்டில் பூஜை அறைக்கு அடுத்தபடி அதுதான். இரவு சாப்பிட்டதும் அதை ஓடவிட்டு எதிரே உட்காருவான், கடைசி ஓவர் பார்க்கிறவன் மாதிரி. கோடு பச்சையாக இருக்கும்வரை மூச்சு சீராக வரும். சிவந்தால் அன்று மோர் சாதம் இறங்காது.

போன சித்திரையில் ஒருநாள் விடியற்காலை போன் வந்தது. “மாமா, 128-லேருந்து 64-க்கு இறக்கிட்டேன்! ஒரு டிக் இல்லை. ஒன்றரை மில்லிசெகண்ட் லாபம்!”

நானும் சந்தோஷப்பட்டேன். பிறகு காபி குடித்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றில் சத்தம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அதாவது மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர். ஒன்றரை மில்லிசெகண்டுக்கு அரை மீட்டர். நம் கணக்கில் ஒரு முழமும் கொசுறும். ஆறு மாதம் கண்விழித்து அவன் மிச்சம் பிடித்ததை, நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் ஒரு முழம் இழுத்துப் போட்டிருந்தால் அன்றைக்கே வாங்கியிருக்கலாம்.

கச்சேரி மேடையில் பாடுகிறவருக்கும் மிருதங்கக்காரருக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இருந்தால் நாலு மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது. பஃபரைக் குறைக்கச் சொல்லி எந்த வித்வானும் கச்சேரியை நிறுத்தினதில்லை. சினிமாவில் ஐம்பது அறுபது பேர் ஒரே ஹாலில் உட்கார்ந்து வாசித்த காலத்தில், டோலக்குக்கும் கடைசி வரிசை வயலினுக்கும் நடுவே பத்து மீட்டர் என்றால் 29 மில்லிசெகண்ட். அவர்கள் கண்டக்டரின் கையைப் பார்த்து வாசித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பாட்டையெல்லாம் இன்றைக்கும் பஸ்ஸில் போடுகிறார்கள்.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஸ்டூடியோவுக்கு அளவு டேப் வந்துவிட்டது. காதிலிருந்து ஸ்பீக்கருக்கு எத்தனை என்று அளந்து, நாற்காலியின் ஐந்து சக்கரத்துக்கும் தரையில் சாக்பீஸால் ஐந்து வட்டம் போட்டுவிட்டான். “நான் வாசல்ல போடற கோலத்தைவிட இது நல்லா இருக்கு அண்ணா” என்றாள் அவன் சம்சாரம். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பெருக்குகிறாள்.

சரி, ஆப்டிமைஸ் என்று உட்கார்ந்து என்னதான் செய்கிறான்? நிறுத்துகிறான். ஜன்னல்களின் நிழலை நிறுத்தினான், மணியோசைகளை நிறுத்தினான், யுஎஸ்பி தூங்குவதை நிறுத்தினான். மெனுவில் தெரியாமல் ஒளிந்திருக்கும் ‘அல்டிமேட் பெர்ஃபார்மன்ஸ்’ என்ற பவர் பிளானைக் கட்டளை அடித்து வெளியே கொண்டுவந்தான். அது 2018-ல் வந்த சரக்கு. அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு மைசூர்பாகு வந்தது. அந்தப் பிளானில் பிராசஸர் சும்மா இருக்கும்போதும் தூங்காது. அவனும் தூங்கவில்லை.

பிறகு ‘சர்வீசஸ்’ பட்டியல். பின்னணியில் ஓடும் வேலையாட்கள் எல்லோர் பெயரும் அதில் வரிசையாக இருக்கும், இருநூறுக்குக் குறையாது. அன்று இரவு நானும் பக்கத்தில் இருந்தேன்.

“இது எதுக்கு மாமா?”

“தெரியலையேப்பா.”

“தெரியாதது எதுக்கு ஓடணும்?” க்ளிக்.

ஃபேக்ஸ் போயிற்று. அது நியாயம். பிரிண்ட் ஸ்பூலர் போயிற்று. புளூடூத் போயிற்று. தேடல் போயிற்று. ராத்திரி பன்னிரண்டரைக்கு, ஆட்குறைப்புக்கு வந்த மேனேஜர் வேகத்தில், இன்னும் இரண்டை அடித்தான். லேட்டன்ஸிமானில் அப்படியொரு பச்சையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, தஞ்சாவூர்ப் பக்கம் தை மாசத்துக்கு முன்னால் இருக்குமே, அந்தப் பச்சை. “பார்த்தீங்களா மாமா, என்ன அமைதி!” என்றான். இரண்டு நாள் அந்த அமைதியிலேயே இருந்தான். மூன்றாம் நாள் அவன் மகள் பாட்டு டீச்சர் அனுப்பிய ஸ்வராவளியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “அப்பா, கம்ப்யூட்டர் பேசவே மாட்டேங்குது” என்றாள். ஸ்பீக்கர் வயரை மாற்றினான், ஸ்பீக்கரையே மாற்றினான். கடைசியில் பட்டியலைத் திறந்து பார்த்தால், அன்று இரவு கடைசியாக நிறுத்தியதன் பெயர் ‘விண்டோஸ் ஆடியோ’.

அதைத் திரும்ப ஓடவிட்டான். பிரிண்ட் ஸ்பூலருக்கு மட்டும் மன்னிப்புக் கிடைக்கவில்லை. “இந்தத் தெருவுலேயே பெரிய கம்ப்யூட்டர் எங்க வீட்டுல இருக்கு அண்ணா. ஆதார் கார்டு பிரிண்ட் எடுக்க நான் பென் டிரைவோட ஜெராக்ஸ் கடை வாசல்ல நிக்கறேன்” என்று அவன் சம்சாரம் ஒருநாள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அந்த நிலையையெல்லாம் தாண்டிவிட்டாள்.

இந்த விதிகளை எல்லாம் யார் வகுத்தார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. பாட்டி வைத்தியம் மாதிரி வழிவழியாக வருகிறது. பிராசஸரை ‘பேக்ரவுண்ட் சர்வீசஸ்’ பக்கம் திருப்பிவைக்க வேண்டும் என்பது 2001-ல் வந்த எக்ஸ்பி காலத்துப் பெரியவர்கள் வாக்கு. அப்போது வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு கோர், பலன் இருந்திருக்கலாம். இன்று இவனுடையதில் பன்னிரண்டு இருக்கிறது. இருந்தாலும் புதிதாக சிஸ்டம் போட்டதும் முதல் காரியம் அதுதான், பிள்ளையார் சுழி. ஒலிப்பெட்டியைக் கம்ப்யூட்டரோடு ஃபயர்வயரில் இணைத்த காலத்தில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் இருந்தால்தான் கார்டு ராசி என்று ஒரு சாஸ்திரம் இருந்தது. என்னையும் ரிச்சி தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய், கடை கடையாக ஏறி, ஒவ்வொரு கார்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “சார், கார்டு வாங்க வந்தீங்களா, வைரம் வாங்க வந்தீங்களா?” என்றார் கடைக்காரர்.

இத்தனை செய்தால் ஏதாவது ஒன்று எங்காவது பிடுங்கிக்கொள்ளாதா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிடுங்கிக்கொள்ளும். “ஃபார்மட் அடிச்சுட்டேன் மாமா” என்பான். திருத்தணியில் மொட்டை அடித்துக்கொண்டு இறங்கி வருகிறவர் முகத்தில் இருக்கும் அதே குளிர்ச்சி. சந்தனம்தான் பாக்கி. அதற்கப்புறம் வயலின், செல்லோ, வீணை என்று நூறு நூறு ஜிபியாகத் திரும்ப இறக்க வேண்டும். ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவும் அவன் வீட்டுக்கு நாலு நாளாக வந்துகொண்டே இருக்கும். வந்து சேர்ந்து உட்கார்ந்ததும் அடுத்த மொட்டைக்கு நாள் வந்துவிடும்.

நடுவில் ஒரு மாதம் ‘ஹம்’ பிடித்துக்கொண்டது. எதையும் வாசிக்காதபோதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம். நம் ஊர்க் கரன்ட் நொடிக்கு 50 தடவை மாறிமாறி ஓடுவது. எர்த் சரியில்லாவிட்டால் அது ஒயர் வழியே ஸ்பீக்கருக்குள் ஏறிவிடும். 50 என்பது மந்த்ரத்துக்கும் கீழே ஐந்து கட்டைக்கு ஒரு நூல் மேலே. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பைப்பைப் பார், குழியில் உப்பும் கரியும் போடு என்றால் அரை நாள் வேலை. இவன் ஒரு மாதம் டிரைவர் மாற்றிக்கொண்டிருந்தான். “அதான் ஐந்து கட்டைன்னு தெரிஞ்சுபோச்சே, அந்த ஸ்ருதியிலயே பாட்டைப் போட்டுடக் கூடாதா?” என்று அவன் சம்சாரம் கேட்டாள். அந்த வீட்டில் இசையைப் பற்றி யாராவது பேசியதாக எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

வெயில் காலத்துக் கதை தனி. மைக்கில் சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்துவான், ஏசியை நிறுத்துவான். அறைக்குள் அப்பளம் பொரிக்கலாம். தூங்காத பிராசஸர் கொதிக்கும். கொதித்ததும் அதன் சொந்த ஃபேன் ‘ஓ’ என்று ஊளையிடும். ஊளை மைக்கில் விழும். இன்னும் கொதித்தால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதிவேகப் பவர் பிளான் மைசூர்பாகோடு சரி.

இதே இனத்தில் மேக் வைத்திருக்கும் உட்பிரிவு ஒன்று உண்டு. அவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் புது ஓஎஸ் வந்தால் பிளகின் ஓடுமா ஓடாதா என்று ஒரு வருஷம் அப்டேட் பண்ணாமல் நோன்பு இருப்பார்கள். லினக்ஸ்காரர்கள் தனி மடம். நிகழ்நேரக் கெர்னல் 2024-ல் தாய்ச் சபையிலேயே சேர்ந்துவிட்டது என்று கண்ணில் நீர் மல்கச் சொல்வார்கள். இருபது வருஷப் போராட்டம் அது. அவர்களிடம் பாட்டைக் கேட்பது நாகரிகமில்லை.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன். “மாப்ளே, ராஜா சார் 1986-லேயே ‘புன்னகை மன்னனு’க்குக் கம்ப்யூட்டர் வெச்சு வாசிச்சுட்டாரே. பாட்டுப் பதியன்னு நீ வெச்சிருக்கியே க்யூபேஸ், அது 1989-ல அடாரின்னு ஒரு மெஷினுக்குத்தானே வந்தது? மொத்தமே ஒரு எம்பி மெமரி. ஃபிளாப்பியைச் செருகினா பாட்டு. அதுல என்னத்தை ஆப்டிமைஸ் பண்ணினாங்க?”

பரிதாபமாகப் பார்த்தான். “அதுல சித்தப்பாவே கிடையாதே மாமா.”

அது உண்மைதான். இன்டர்நெட் இல்லை, அப்டேட் இல்லை, ஒரு நேரத்தில் ஒரு வேலை. கீபோர்டை இணைக்கும் மிடி ஒயரைச் செருகும் வாய் முதற்கொண்டு பெட்டியிலேயே இருந்தது. ஊர்ப்பட்ட வேலைக்கு ஒரே மெஷின் என்று ஆனபிறகு அதை இசைக்கு மட்டும் உட்காரவைப்பது லேசில்லை. அவன் செய்கிற பத்தில் மூன்று அவசியமானது. வைஃபையை அணைப்பது, தூக்கத்தை நிறுத்துவது, ஒழுங்கான டிரைவர் போடுவது. மூன்றும் சேர்ந்து அரை மணி நேர வேலை. மிச்சம் ஏழு ஏன் என்றுதான் யோசித்துப் பார்த்தேன். மெட்டுப் போட்டால் அதைக் கேட்டு ‘சுமார்தான்’ என்று சொல்லப் பால்காரருக்கும் உரிமை உண்டு. ஒன்றரை மில்லிசெகண்டை எவன் சுமார் என்று சொல்வான்? எனக்கும் இதில் முழு யோக்கியதை கிடையாது. மூன்றாவது சரணத்தில் எதுகை ஒட்டவில்லை என்று எனக்கே தெரியும். அவன் தாமதம் எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்துவருகிறது.

இந்த ஆனி கடைசியில் மறுபடி விடியற்காலை போன். குரல் தழுதழுத்தது. “மாமா, உடனே வாங்க.” நான் பயந்துபோய், சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு நம்பிக்கையில் பாட்டுக் காகிதத்தின் நகலையும் பையில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

அறை குளிர்ந்திருந்தது. திரையில் லேட்டன்ஸிமான். ஒன்பது மணி நேரமாக ஓடுகிறது, மேலிருந்து கீழ்வரை பச்சை. சிவப்பு ஒரு பொட்டு இல்லை. நிகழ்நேர ஒலி வேலைக்கு இந்தக் கம்ப்யூட்டர் தகுதியானது என்று எழுதிக் காட்டுகிறது. அவன் சம்சாரம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, அதையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

“அப்ப ஆரம்பிச்சுடலாமா?” என்றேன்.

“எதை மாமா?”

நான் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். அதைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். குழந்தை தூங்கும் அறையில் பேசுகிற மாதிரிக் குரலை இறக்கினான்.

“க்யூபேஸ் இன்னும் இன்ஸ்டால் பண்ணலை மாமா. இது நேத்து ராத்திரி அடிச்ச புது ஃபார்மட். க்யூபேஸைப் போட்டா அதோட லைசென்ஸ் சர்வீஸ் ஒண்ணு பின்னாடியே வந்து உக்காரும். அப்புறம் அதுக்குன்னு இன்டர்நெட்டு. இன்டர்நெட்டுன்னா…” மேலே சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. “ஒரு வாரம் இந்த நம்பரை அப்படியே பார்த்துக்கலாமே. அவசரம் ஒண்ணும் இல்லையே?”

ஆடி பிறக்கப் பத்து நாள் இருந்தது. மூன்றாவது சரணத்தை நினைத்துக்கொண்டேன். “அவசரம் ஒண்ணும் இல்லைப்பா” என்றேன்.

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, பச்சைக் கோடுகளை முழுசாகப் பார்க்கிற மாதிரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தான். சக்கரங்கள் சாக்பீஸ் வட்டங்களை விட்டு மெதுவாகப் பின்னால் உருண்டன. கண்ணால் அளந்தேன். ஒரு முழம் இருக்கும், கொசுறோடு.